கோடும் கரைசலும்: டேர்னரின் நீர்வர்ணங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

நீர்வர்ணம் பற்றி எம்மிடையே ஓர் அலட்சியம் உண்டு. ஊர்ப் பாடசாலைகளின் சித்திர வகுப்பில், பஸ்ரெலுக்கு அடுத்தபடியாகக் கையில் கிடைத்த சாதனம் அது. தைலவர்ணம் பெரிய ஓவியர்களுடையது, நீர்வர்ணம் பிள்ளைகளுடையது என்ற எண்ணம் அங்கேயே மனதில் விழுந்துவிடுகிறது. இங்கு வந்த பிறகு அதே எண்ணம் வேறு உடுப்புப் போட்டுக்கொள்கிறது: ஓய்வுபெற்ற ஆங்கிலேயர்கள் ஆற்றங்கரையில் மடக்குக் கதிரையில் இருந்து செய்யும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இரண்டு எண்ணங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். நீர்வர்ணம் கணத்தின் கலை, யோசனையும் திட்டமும் அதற்குத் தேவையில்லை, தண்ணீர் ஓடும் போக்கில் கையும் ஓடினாற் போதும் என்ற நம்பிக்கை. எமது எழுத்தைப் பற்றியும் நாம் ஏறக்குறைய இப்படித்தான் நம்புகிறோம். மனம் ஈரமாக இருக்கும்போதே கொட்டிவிட வேண்டும், உணர்வு உண்மையாக இருந்தால் எழுத்தும் உண்மையாக இருக்கும் என்கிறோம். ஊரைப் பற்றிய எமது நினைவுக் கட்டுரைகளிற் பெரும்பாலானவை இந்த நம்பிக்கையில் எழுதப்பட்டவை. இது எவ்வளவு தூரம் சரி என்று சோதித்துப் பார்க்க இலண்டனிலேயே ஓர் இடம் இருக்கிறது.

பிம்லிக்கோ நிலத்தடி ரயில் நிலையத்திலிருந்து தேம்ஸ் நதியை நோக்கி நடந்தால் வருவது டேற் பிரிட்டன் கலைக்கூடம். 1897இல் அது திறக்கப்படுவதற்கு முன் அந்த நிலத்தில் நின்றது மில்பாங்க் மறியற்சாலை. அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட இருந்தவர்களைக் கப்பலேற்றும்வரை அடைத்துவைத்த இடம் அது. அதே நிலத்தில் 1987இல் திறக்கப்பட்ட குளோர் பகுதியில்தான் ஜோசப் மல்லோர்ட் வில்லியம் டேர்னரின் ஓவியங்கள் இருக்கின்றன. 1851இல் அவர் இறந்தபோது, வேலைக்கூடத்தில் மிஞ்சியிருந்தவற்றில் முடிவுற்ற தைலவர்ணங்களை நாட்டுக்கு என எழுதிவைத்திருந்தார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். 1856இல் கிடைத்த தீர்வின்படி முடிந்ததும் முடியாததுமாக எல்லாமே நாட்டுக்கு வந்து சேர்ந்தன: ஏறத்தாழ 300 தைலவர்ணங்கள், 30,000க்கு மேற்பட்ட வரைவுகளும் நீர்வர்ணங்களும், அவற்றுள் அடங்கிய சுமார் 300 சித்திரக் கொப்பிகள். ஓர் ஓவியரின் வெற்றிகள் மட்டுமன்றி, அவரது வேலைநாட்கள் முழுவதும் இப்படிப் பாதுகாக்கப்பட்டிருப்பது அபூர்வம். படங்களைவிட அந்தக் கொப்பிகளே எமக்கு இங்கு முக்கியம்.

டேர்னர் 1775இல் கொவென்ற் கார்டன் பகுதியின் மெய்டன் லேனில் பிறந்தார். தகப்பனார் முடிதிருத்துபவர். மகனின் சித்திரங்கள் தகப்பனின் கடைச் சன்னலில் விற்பனைக்குத் தொங்கியதாகச் சொல்வார்கள். 1789இல், 14 வயதில், றோயல் அக்கடமியின் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அடுத்த வருடமே அக்கடமியின் கண்காட்சியில் அவரது நீர்வர்ணம் ஒன்று இடம்பெற்றது. அக்காலத்தில் நீர்வர்ணம் என்பது பெரும்பாலும் நில அளவையாளர்களும் கட்டிட வரைவாளர்களும் கோடு கீறிய பின் அதன் மேல் பூசும் மெல்லிய சாயம். ஓவியம் என்ற மதிப்பு அதற்கு இருக்கவில்லை. அந்த மதிப்பைப் பெற்றுக் கொடுத்தவர்களில் அவரும், 27 வயதில் இறந்துபோன அவரது நண்பர் தோமஸ் கேர்ட்டினும் முதன்மையானவர்கள்.

டேர்னர் வேலை செய்வதைப் பிறர் பார்க்க விடுவதில்லை. ஆகவே பார்த்தவர்கள் சொன்ன ஒன்றிரண்டு கதைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. அவற்றிற் பிரபலமானது 1818இல் யோர்க்ஷயரின் ஃபார்ன்லி மாளிகையில் நடந்தது. அந்த வீட்டுக்காரரும் டேர்னரின் பெரிய ஆதரவாளருமான வோல்டர் ஃபோக்ஸ் ஒரு காலை உணவின்போது, போர்க்கப்பலின் பருமன் எவ்வளவு என்று விளங்கக்கூடியதாக ஒரு படம் கீறித் தரும்படி கேட்டார். டேர்னர் ஃபோக்ஸின் மூத்த மகனையும் கூட்டிக்கொண்டு வேலை செய்யும் அறைக்குப் போனார். தாள் ஊறும்வரை ஈர வர்ணத்தை ஊற்றினார். கிழித்தார், பிறாண்டினார், வெறிபிடித்தவர் போலத் தேய்த்தார். எல்லாம் குழம்பிக் கிடந்த இடத்திலிருந்து மெல்ல மெல்லக் கப்பல் எழுந்து வந்தது. மதிய உணவுக்கு முன் படம் கீழே கொண்டுவரப்பட்டுவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்த பையன் பிற்காலத்தில் சொன்னது இது. 40 சென்ரிமீற்றர் அளவு அகலமே உள்ள அந்தப் படம் இப்போது பெட்ஃபர்ட் நகரின் ஹிகின்ஸ் கலைக்கூடத்தில் இருக்கிறது.

கணத்தின் கலை என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் படத்தைப் பார்த்தால் வேறொன்று தெரியும். கப்பலின் பக்கச்சுவர் வளைவு, பீரங்கி வாயில்களின் வரிசை, கயிறுகள், பொருளேற்றும் சிறு வள்ளங்கள் எல்லாம் அததற்குரிய இடத்தில் இருக்கின்றன. ஃபார்ன்லி உள்நாட்டில் இருக்கிறது. பார்த்துக் கீற அங்கே கடலும் இல்லை, கப்பலும் இல்லை. கப்பல் எங்கிருந்து வந்தது? பதின்மூன்று வருடங்களுக்கு முன், 1805 டிசம்பரில், ட்ரஃபல்கர் போரில் இறந்த நெல்சனின் உடலைச் சுமந்துகொண்டு விக்ரரி கப்பல் திரும்பி வந்தபோது டேர்னர் அதைப் போய்ப் பார்த்துக் கொப்பியிற் கீறியிருந்தார். கப்பலின் பாகங்களை மட்டுமன்றி மாலுமிகளின் உடுப்பைக்கூடக் குறித்துவைத்தார். அதற்கு முன்னும் பின்னும் துறைமுகங்களிற் கீறியவை கொப்பி கொப்பியாக இருந்தன. அந்தப் பையன் பார்த்தது மூன்று மணித்தியால வேலை. மூன்று மணித்தியாலத்துக்கு முன்னாலிருந்த வருடங்களை அவன் பார்க்கவில்லை.

டேர்னரின் வழக்கமான வேலைமுறை இந்த இரண்டு நிலைகளாற் பிரிக்கப்பட்டிருந்தது. இடத்தில் நின்று பென்சில். வர்ணம் பெரும்பாலும் பிறகு, வேறிடத்தில். 1819இல் முதன்முதலாக இத்தாலிக்குப் போனபோது ஏறத்தாழ 20 கொப்பிகளை நிரப்பினார். அவற்றிற் பெரும்பகுதி பென்சில் கோடுகள். நேப்பிள்ஸில் ஒருவர் திறந்தவெளியில் வர்ணம் தீட்டும்படி கேட்டதற்கு, அதற்கு நேரம் போதாது, ஒரு வர்ணப் படம் செய்யும் நேரத்தில் பதினைந்தோ பதினாறோ பென்சில் வரைவுகள் செய்துவிடலாம் என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கடிதத்திற் பதிவாகியிருக்கிறது. அந்தக் கோடுகள் அழகானவை அல்ல. ஒரு மலையின் விளிம்பு, கோபுரத்தில் எத்தனை சன்னல், பாலத்தின் வளைவுகள் எத்தனை, வானம் எந்தப் பக்கம் மஞ்சள் என்பதற்கு வர்ணத்துக்குப் பதிலாக ஒரு சொல். சில பக்கங்களில் ஒரே குன்றை ஒரே நாளில் நடக்க நடக்க ஆறேழு தடவை கீறியிருக்கிறார். பயணங்களில் நாளுக்கு இருபது மைலுக்கு மேல் நடப்பார் என்பார்கள். மூட்டை மிகச் சிறியது. பழைய பஞ்சாங்க அட்டை ஒன்றின் உட்புறத்தில் வர்ணக் கட்டிகளை ஒட்டிச் செய்த பை ஒன்றும் அவரிடம் இருந்தது. தேவைப்பட்டபோது அதைத் திறப்பார். ஆனால் முதலில் திறக்கப்படுவது கொப்பிதான்.

வீடு திரும்பிய பிறகு நடப்பது இரண்டாவது நிலை. பலகைகளில் இழுத்து ஒட்டிய தாள்களைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, ஈரமாக இருக்கும்போதே வர்ணத்தை விட்டுப் பரவ வைப்பார். ஒன்று காயும் இடைவெளியில் அடுத்த பலகைக்குப் போவார். நாலாவது பலகையை அடையும்போது முதலாவது மேற்கொண்டு தொடக்கூடிய நிலைக்கு வந்திருக்கும். அவரது முறையை அறிந்தவர்களின் வழியாக வந்த குறிப்பு இது. அதிலுள்ள முக்கியமான சொல் காய்தல். நீர்வர்ணத்தில் அவசரப்பட்டவன் சேறு கலக்குவான். ஒரு பூச்சு காயும்வரை பொறுத்திருந்தால்தான் அடுத்தது அதன் மேல் தெளிவாக விழும். அந்தப் பொறுமையைக் கைவிடாமலும் நேரத்தை வீணாக்காமலும் இருக்க, ஒரே நேரத்தில் நாலைந்து படங்களை அவர் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தைலவர்ணத்தில் ஒளியை ஓவியர் வெள்ளைப் பூச்சாகக் கடைசியில் வைக்கலாம். நீர்வர்ணத்தில் ஒளி என்பது தாளின் வெண்மை. அதை வைக்க முடியாது, விட்டுவைக்கத்தான் முடியும். எங்கே தொடக்கூடாது என்பதை முதல் தூரிகை விழுமுன்னரே தீர்மானிக்க வேண்டும். தவறிப்போன இடத்தை டேர்னர் ஈரத் தூரிகையால் நனைத்து ஒற்றி எடுப்பார், பாண் துண்டால் தேய்ப்பார், கத்தியாலும் பெருவிரல் நகத்தாலும் சுரண்டுவார். ஆனால் இவை மீட்புப் பணிகள் மட்டுமே. விடவேண்டிய இடத்தை முதலிற் சொல்வது கோடு.

இரண்டு நிலைகளும் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு 'நீல ரீகி' நல்ல உதாரணம். 1841இல், 66 வயதில், டேர்னர் சுவிற்சர்லாந்தின் லுசேர்ண் ஏரிக்கரையில் தங்கியிருந்தார். எதிரே ரீகி மலை. அதை வேறுவேறு நேரங்களில், வேறுவேறு ஒளியில் குறிப்பெடுத்தார். இலண்டனுக்கு வந்து 15 மாதிரி வரைவுகளை வியாபாரி தோமஸ் கிரிஃபித்திடம் கொடுத்து, இவற்றில் விரும்பியதைத் தெரிவு செய்தால் முழுப்படமாகச் செய்து தருவதாகச் சொன்னார். 1842இல் பத்துப் படங்கள் முடிந்தன. அவற்றுள் ஒன்று விடியலுக்குச் சற்று முன் நீலமாக நிற்கும் மலை. முன்னே தண்ணீரில் இரண்டு நாய்கள் வாத்துகளைத் துரத்துகின்றன. மேலே விடிவெள்ளி, தாளைச் சுரண்டி எடுத்த ஒரு சின்ன வெண்புள்ளி. 2007இல் டேற் இந்தப் படத்தை 49.5 லட்சம் பவுணுக்கு வாங்கியபோது பொதுமக்களும் அதற்குப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். பார்ப்பவர்களுக்கு அந்த விடியலில் ஓவியர் கூடவே நின்றார் என்று தோன்றும். படம் முடிந்தது ஏரிக்கரையில் அல்ல, இலண்டனில்.

தூரத்திலிருந்து தீட்டுவது டேர்னருக்கு ஒரு குறையாக இருக்கவில்லை, அதுவே முறையாக இருந்தது. எமக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. ஊரை விட்டு வந்தபின் ஊரை எழுதுவது போலியானது என்று அங்கிருப்பவர்கள் சிலர் சொல்வதுண்டு. அதற்கு டேர்னரைப் பதிலாகக் காட்டலாம். ஆனால் அந்த ஆறுதலோடு நின்றுவிடக்கூடாது. அவர் தன் விருப்பத்திற் போய் விருப்பத்தில் திரும்பியவர், நினைத்தால் மறுபடியும் போகலாம், எமக்கு அப்படியல்ல என்ற மறுப்பு உடனே எழும். நியாயமான மறுப்பு. அதற்கு அவரது வாழ்க்கையிலேயே ஒரு பதில் உண்டு.

1802இல் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையில் சிறிது காலம் சமாதானம் நிலவியது. 27 வயது டேர்னர் அந்த இடைவெளியில் பிரான்ஸ் வழியாக அல்ப்ஸ் மலைகளுக்குப் போனார். சில மாதங்களில் 400க்கு மேற்பட்ட வரைவுகளோடு திரும்பினார். அடுத்த வருடம் யுத்தம் மறுபடி தொடங்கியது. ஐரோப்பாவின் கதவு மூடிக்கொண்டது. அவர் மறுபடி அக்கரைக்குப் போனது 1817இல். பதினைந்து வருடங்கள். அந்தப் பதினைந்து வருடங்களும் 1802இன் கொப்பிகளை விரித்துவைத்துக்கொண்டு அவர் அல்ப்ஸைத் தீட்டிக்கொண்டே இருந்தார். இன்று கெண்டலில் இருக்கும் சென்ற் கொதார்ட் கணவாய்ப் படமும், பெட்ஃபர்டில் இருக்கும் ரைகன்பாக் நீர்வீழ்ச்சிப் படமும் 1804இன் வேலை. பார்த்தவரின் காலடியில் நிலம் விழுந்துவிடும் போன்ற படங்கள். போக முடியாத இடத்தை ஒருவர் வருடக்கணக்காக, மங்கவிடாமல், தேய்வழக்காக்காமல் எப்படித் தீட்டினார் என்று கேட்டால் பதில் ஒன்றே: அவரிடம் கோடுகள் இருந்தன. நினைவு வர்ணத்தைக் கொடுத்தது. கோடு நினைவைப் பிடித்து வைத்தது.

இப்போது எமது பக்கங்களுக்கு வருவோம். கடந்த பல வருடங்களாகப் புலம்பெயர் சஞ்சிகைகளில் வந்த ஊர் நினைவுகளைச் சேர்த்து வாசித்தால் ஒரு வினோதம் தெரியும். அச்சுவேலியும் வடமராட்சியும் தீவகமும் மட்டக்களப்பும் மெல்ல மெல்ல ஒரே ஊராகிவிடுகின்றன. ஒரு பனை, ஒரு கிணற்றடி, ஒரு வேலி, ஒரு கோயில் மணி, ஒரு அம்மா. உணர்வு பொய்யல்ல, எழுதியவரின் கண்ணீர் உண்மையானது. ஆனால் அது கோடில்லாத கரைசல். வேலி என்றால் எந்த வேலி? கிடுகா, பனையோலையா? கதியால் கிளுவையா, பூவரசா, முள்முருக்கா? படலை ஒழுங்கைக்குத் திறந்ததா, வளவுக்குள் திறந்ததா? சங்கடப்படலை இருந்ததென்றால் அதன் கீழ் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது? கிணற்றுக்குத் துலா போட்டிருந்ததா, கப்பியா? அந்தக் கிணற்றில் அள்ள யாருக்கு உரிமை இருந்தது, யார் வாளியை நீட்டிக் காத்து நின்றார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத கிணறு எல்லோருடைய கண்ணீரையும் ஏற்றுக்கொள்ளும், யாருடைய தாகத்தையும் தீர்க்காது. கோடு போட்டால் அழகு குறைந்துவிடும் என்று நாம் பயப்படுகிறோம் போலும். ஒரு வேலி எங்கே முடிகிறது என்று கீறும்போது அது யாரை வெளியே வைத்தது என்பதும் கீறப்பட்டுவிடும் என்ற பயமும் அதில் இருக்கலாம்.

கோடில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு டேர்னரின் கொப்பிகளே ஓர் எச்சரிக்கை வைத்திருக்கின்றன. 1834 ஒக்ரோபர் 16 இரவு வெஸ்ற்மின்ஸ்ரர் பாராளுமன்றம் எரிந்தது. டேர்னர் அதைப் பார்த்தார், பின்னர் இரண்டு பெரிய தைலவர்ணங்களாகவும் தீட்டினார். அவரது கொப்பி ஒன்றில் நெருப்பும் புகையும் தண்ணீருமாக ஒன்பது நீர்வர்ண வரைவுகள் இருந்தன. வெறும் வர்ணம், சிவப்பும் மஞ்சளும் கறுப்பும். அவை பாராளுமன்றம் எரிந்த இரவின் சாட்சியங்கள் என்று மிக நீண்டகாலமாக நம்பப்பட்டது. அன்றிரவு நதிக்கரையிலேயே, ஈரம் காயுமுன் தாளைப் புரட்டிப் புரட்டித் தீட்டினார் என்று விவரித்தவர்களும் உண்டு. இந்த நூற்றாண்டில்தான், டேற்றின் புதிய விவரப்பட்டியலைத் தயாரித்தவர்கள் கட்டிடங்களின் மங்கிய உருவரையை ஆராய்ந்து, இது 1841 ஒக்ரோபர் 30இல் இலண்டன் கோபுரக் கோட்டையின் களஞ்சியம் எரிந்த இரவு என்ற முடிவுக்கு வந்தார்கள். ஏழு வருட இடைவெளி, வேறு இடம், வேறு நெருப்பு. படங்கள் அற்புதமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பார்த்தவரின் பெயரே படத்தில் இருந்தும், எரிந்தது எது என்ற கேள்விக்கு வர்ணத்தாற் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியிற் பதில் சொன்னது எஞ்சியிருந்த கொஞ்ச உருவரைதான்.

எமக்கு இது வெறும் கலைவரலாற்றுத் தகவல் அல்ல. எமது எழுத்தில் எத்தனை நெருப்புகள்! 1958, 1977, 1981, 1983. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981 மே 31 இரவுக்கும் ஜூன் 1க்கும் இடையில் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்தவை வீடுகளும் கடைகளும் மனிதர்களும். ஆனால் கவிதைகளிலும் நினைவுகளிலும் இவை எல்லாம் ஒரே சிவப்பாகவே வருகின்றன. நாளை, பார்த்தவர்கள் யாரும் இல்லாத காலத்தில், இவற்றை எடுத்து வாசிக்கும் ஒருவர் எந்த நெருப்பு எங்கே எரிந்தது என்று எப்படி அறிவார்? எந்தத் தெரு, கதவு எந்தப் பக்கம், எந்த நேரம், பக்கத்து வீட்டுக்காரர் பூட்டினாரா திறந்தாரா என்று எழுதாதவரின் நெருப்பை, மறுப்பவன் மிக இலகுவாக வேறு நெருப்பென்று சொல்லிவிட முடியும்.

வர்ணம் மங்கவும் கூடியது. டேர்னர் பயன்படுத்திய சில சாயங்கள் ஒளியிற் கரைந்துவிடுபவை. அவற்றில் ஒன்று அவுரி நீலம். வானத்தின் நீலம் போய், அதோடு கலந்திருந்த செம்மை மட்டும் எஞ்சி, பகல் வானம் அந்தி வானமாகிவிட்ட நீர்வர்ணங்கள் அக்கால ஓவியர்களிடையே பல. ஒளி நீர்வர்ணத்துக்கு என்ன செய்கிறது என்று ரசல், ஆப்னி என்ற இரு விஞ்ஞானிகள் சோதனை செய்து 1888இல் அறிக்கை வெளியிட்டார்கள். இன்றும் இவற்றை மங்கிய வெளிச்சத்தில், குறுகிய காலத்துக்கே காட்டுகிறார்கள். ஹென்றி வோன் என்பவர் எடின்பரோவுக்கு விட்டுச்சென்ற 38 டேர்னர் படங்கள், வருடத்தில் வெளிச்சம் மிகக் குறைந்த ஜனவரி மாதத்தில் மட்டும் காட்டப்படுவது ஒரு மரபு. அடியிற் கிடக்கும் பென்சில் கோட்டுக்கு இந்தப் பயம் இல்லை. காரீயம் ஒளியில் மங்குவதில்லை. துயரமும் அவுரி போன்றதுதான். அதிகம் வெளிச்சத்தில் வைத்தால் அதன் நிறம் மாறும். முப்பது வருடத்துக்கு முன் எம்மை அழவைத்த வரிகள் இன்று இனிப்பாக இருக்கின்றன. அன்று போகிற போக்கிற் குறித்துவைத்த ஒரு விலை, ஒரு பஸ் இலக்கம், ஒரு ஒழுங்கையின் பெயர் இன்றும் அப்படியே இருக்கின்றது.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் உண்டு. முதலாவது கலைரசிகர்களுடையது. டேர்னரிடம் கோடே இல்லாத நீர்வர்ணங்களும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவே. வர்ணத் தொடக்கங்கள் என்று அழைக்கப்படும் அவையல்லவா அவரது உச்சம்? 1966இல் நியூயோர்க்கின் நவீன கலைக் காட்சியகம் டேர்னரைக் காட்சிக்கு வைத்தபோது அரூப ஓவியத்தின் முன்னோடியாக அவரைக் கண்டவர்கள் பலர். அந்தத் தாள்கள் எமக்கும் பிடித்தவைதான். இரண்டு பூச்சில் கடலும் வானமும் பிரியும் இடம் எந்தக் கண்ணையும் நிறுத்தும். ஆனால் அவர் அவற்றைக் கண்காட்சிக்கு வைத்ததில்லை. அவை பெரும்பாலும் அவரது தனிப்பட்ட பரிசோதனைகள், தொடக்கங்கள். வாழ்நாள் முழுவதும் கோடு கீறிய கையே கோட்டை விட்டுவிட்டு நடக்கிறது அங்கே. கடற்கோடு எங்கே விழும் என்று கைக்குத் தெரியும். முடிவை மட்டும் பார்த்துத் தொடங்குபவர், அவர் விட்டதை விடவில்லை. தன்னிடம் ஒருபோதும் இல்லாததையே விடுகிறார்.

இரண்டாவது வாதம் கனமானது. எம்மிடம் கொப்பி இல்லை. இரவோடிரவாக வந்தவர்கள், ஒரு பையோடு வந்தவர்கள், 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழுந்து நடந்தபோது கையில் எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றவர்கள் கோடுகளைக் கொண்டுவந்திருக்க முடியாது. அதுமட்டுமல்ல, சோதனைச் சாவடியில் சட்டைப் பையில் ஒரு தெருவின் வரைபடம் அகப்பட்டாற் போதும், உயிருக்கு உத்தரவாதமில்லை என்ற காலம் அது. கீறாமல் இருப்பதே தப்புவதற்கு வழியாக இருந்தது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கோடு என்பது அன்று அங்கே கீறப்பட்டால்தான் கோடு என்றில்லை.

டேர்னரின் இளமையிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1790களின் நடுவில், அடெல்ஃபியில் வைத்தியர் தோமஸ் மன்றோவின் வீட்டில் மாலை நேரங்களில் இளைஞர்கள் கூடிச் சித்திரம் பிரதி செய்வார்கள். சில ஷிலிங் கூலியும் இராச்சாப்பாடும் கிடைக்கும். மனநோயுற்று மன்றோவின் பராமரிப்பில் இருந்த ஜோன் றொபேட் கொசென்ஸ் என்ற ஓவியரின் இத்தாலி, சுவிஸ் வரைவுகள் அங்கு மூலமாக இருந்தன. கேர்ட்டின் கோட்டைப் பிரதி செய்ய, டேர்னர் அதன் மேல் வர்ணம் பூசினார். இருபது வயதில் நேப்பிள்ஸின் ஒளியைத் தீட்டிய அவர் நேப்பிள்ஸை நேரிற் கண்டது 44 வயதில். தான் காணாத இடத்தை, இனிப் பேச முடியாத ஒருவரின் கோட்டின் மேல் தீட்டிப் பழகினார். இங்கு பிறந்த எமது பிள்ளைகளின் நிலை இதுவே. அவர்களிடம் வர்ணம் இருக்கிறது, கற்பனை இருக்கிறது. நாம் கொடுக்க வேண்டியது கொசென்ஸின் கோடு. நாம் கொடுப்பதோ பெரும்பாலும் எமது பெருமூச்சு.

பிறர் கோடு எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 1830களில் டேர்னர் ஒருபோதும் காணாத பலஸ்தீனத்தையும் இமயமலையையும் பிரயாணிகள் கீறிய வரைவுகளிலிருந்து நூல்களுக்காகத் தீட்டிக் கொடுத்தார். கைத்திறன் குறைவில்லை. ஆயினும் சென்ற் கொதார்டிற் காலுக்குக் கீழ் நிலம் சரிந்ததுபோல அந்த இமயத்திற் சரியவில்லை. அவர் அங்கே நடக்கவில்லை என்பது தெரிகிறது. பிறர் கோடு தொடங்க உதவும். ஒருநாள் தானும் நடந்து பார்த்தால்தான் அது தன் கோடாகும்.

எனவே இந்தப் பக்கங்களுக்கு எழுதுபவர்களிடம் எமது வேண்டுகோள் எளியது. எழுத முன் கீறுங்கள். சித்திரம் வராவிட்டாற் பரவாயில்லை. வளவின் எல்லை, கிணறு, மாட்டுக்கொட்டில், வாசல் எந்தத் திசை என்று ஒரு தாளிற் பெட்டி பெட்டியாகப் போடுங்கள். வெம்பிளியிலும் ஈஸ்ற்ஹாமிலும் ரூற்றிங்கிலும் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்கைக்கு யார் யார் வீடு வரிசையாக இருந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். காணி உறுதியில் நான்கெல்லை இருக்கிறது, பழைய ஏரோகிராமில் திகதி இருக்கிறது, கலியாண அல்பத்தில் மணமக்களுக்குப் பின்னால் சுவரும் வேலியும் இருக்கின்றன. தெரியாத இடத்தை வெள்ளையாக விடுங்கள். டேர்னரின் தாளில் ஒளியாக நிற்பது அவர் தொடாமல் விட்ட இடந்தான். மறந்துபோன பெயருக்குப் பதிலாக ஒரு நிலவைத் தொங்கவிட வேண்டாம். பெயர் மறந்துவிட்டது என்று எழுதினாற் போதும். அதை வாசிக்கும் வேறொருவர் ரொறன்ரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ அந்தப் பெயரை எழுதி அனுப்பக்கூடும்.

டேற் பிரிட்டனுக்குப் போகிறவர்கள் பெரிய தைலவர்ணங்களுக்கு முன் நின்று திரும்பிவிட வேண்டாம். முன்கூட்டியே நேரம் பெற்றுக்கொண்டால், தாளிற் செய்த படைப்புகளை மேசையில் வைத்துப் பார்ப்பதற்கு அங்கே ஓர் அறை உண்டு. 1928 ஜனவரியில் தேம்ஸ் பெருகி நிலவறையை நிரப்பியபோது நனைந்து, பின் பல தசாப்தங்கள் பிரித்தானிய நூதனசாலையிற் தங்கியிருந்து, 1987இல் திரும்பி வந்த தாள்கள் அவை. அவைகூட இடம்பெயர்ந்தவைதான். அங்கே 'நீல ரீகி' போன்ற ஒன்றைக் கேட்பதைவிட 1802இன் அல்ப்ஸ் கொப்பி ஒன்றைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. சாம்பல் நிறக் கோடுகள், சில சொற்கள், அதிகம் அழகில்லாத பக்கங்கள். பதினைந்து வருடங்கள் ஒரு மனிதருக்குப் போதுமாக இருந்தவை.